பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம்: தில்லிப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு

திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள், போகும் டிக்கெட்டை அப்புறம் எடுக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாடு போக நினைப்பவர் மாணவரானாலும் ஆசிரியரானாலும் அலுவலக ஊழியரானாலும் நான் முதலில் சொல்வது இதுதான். போக வழி இருந்தால் வரவும் வழி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2020 மார்ச்சில் அந்த நினைப்பு பொய்யாகச் சில நாள்களே ஆயின. மார்ச் 11 அன்று பெரும்பாலான விசாக்களை நிறுத்திவைப்பதாக இந்திய அரசு அறிவித்தது. 13-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 22-ஆம் தேதி முதல் எந்த நாட்டிலிருந்தும் பயணிகள் விமானம் இந்தியாவுக்குப் புறப்படக் கூடாது என்றாயிற்று. பத்து நாள் கருத்தரங்குக்கு என்று இரண்டு சட்டையோடு கிளம்பியவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்கள் மே 7-இல் தொடங்கின. ஜூலையிலிருந்து குறிப்பிட்ட சில நாடுகளோடு மட்டும் ஏர் பபிள் ஏற்பாடு (இரு நாடுகளும் பேசிவைத்துக்கொண்டு குறிப்பிட்ட விமானங்களை மட்டும் விடுவது) இருந்தது. வழக்கமான சர்வதேச விமான சேவை மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27-இல்தான்.

அந்தக் காலத்தில் தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். பயண அனுமதிக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போயின. தமிழில் பேச ஆள் கிடைத்தார் என்பதற்காகவே வேறு துறைகளிலிருந்தும் வேறு கல்லூரிகளிலிருந்தும் நம் பிள்ளைகள் போன் செய்வார்கள். "அண்ணா, விசா வந்துடுச்சு, டிக்கெட் போட்டுட்டேன், கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க" என்பார்கள். கையெழுத்தைக் கடைசி வேலையாக நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

கொரோனாதான் முடிந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் 2024 ஆகஸ்ட் 14 அன்று குரங்கம்மைக்காக இன்னொரு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. திருத்தப்பட்ட சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2025 செப்டம்பர் 19 முதல் அமலில் இருக்கின்றன. 'பெருந்தொற்று அவசரநிலை' என்ற புதிய அடுக்கே அவற்றில் சேர்ந்திருக்கிறது. அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

முதல் படி: எந்த விதி யாருடையது என்று பிரித்துப் பாருங்கள்

உங்கள் பயணத்தின் மேல் ஒரே நேரத்தில் நான்கு பேருடைய விதிகள் இருக்கும். முதலாவது இந்திய அரசு. 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்கள் சட்டமும் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டமும் அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகின்றன. இரண்டாவது, நீங்கள் போகும் நாடும் நடுவில் விமானம் மாறும் நாடும். மூன்றாவது விமான நிறுவனம். நான்காவதுதான் உங்கள் பல்கலைக்கழகம். இவற்றில் எது கடுமையோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும். பல்கலைக்கழகம் 'போகலாம்' என்று எழுதிக் கொடுத்தாலும் கவுன்டரில் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது விமான நிறுவனம்தான்.

தில்லியில் இருப்பவர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. தில்லிப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தனியாக உத்தரவுகள் போட்டது. தமிழ்நாடு அரசுக்கு இ-பாஸ் முறை இருந்தது. மத்திய அரசின் 2020 மே மாத விதிப்படி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் 7 நாள் சொந்தச் செலவில் அரசு குறித்த இடத்தில் தங்க வேண்டும், அப்புறம் 7 நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டும். தில்லியில் இறங்கி அன்றைக்கே சென்னைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது பெரிய இடி. ஆகவே இறங்கும் ஊரின் விதி, போய்ச் சேரும் ஊரின் விதி இரண்டையும் அரசு வெளியிட்ட உத்தரவிலேயே படியுங்கள். வாட்ஸாப்பில் சுற்றும் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

செய்தி வந்த அன்றே பதறி டிக்கெட்டை ரத்து செய்வதும் வேண்டாம். எல்லா வகுப்பும் இணையவழியில் நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்க முடியாது என்று அமெரிக்கா 2020 ஜூலை 6-இல் அறிவித்தது. ஜூலை 14-இல் அதையே திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நாள்களில் அவசரப்பட்டுத் திரும்பக் கிளம்பியிருந்தால் பணமும் போயிருக்கும், படிப்பும் குழம்பியிருக்கும். உங்கள் கல்வி நிறுவனம் எழுத்தில் சொல்லும்வரை ஓரிரு நாள் பொறுத்திருப்பது நல்லது.

இரண்டாம் படி: இது யாருடைய பயணம்?

பல்கலைக்கழக விதிகளில் புதியவர்களுக்கு அதிகம் குழப்பம் தருவது இதுதான். பல்கலைக்கழகம் அனுப்பும் பயணம் ஒரு வகை: கருத்தரங்கு, களப்பணி, பரிமாற்றத் திட்டம், திட்ட நிதியில் போகும் ஆய்வுப் பயணம். சொந்த வேலையாகப் போவது இன்னொரு வகை: அக்கா பிரசவம், கல்யாணம், சுற்றுலா. முதல் வகையைப் பல்கலைக்கழகம் முழுவதுமாக நிறுத்திவைக்கலாம், பணமும் தர மறுக்கலாம். இரண்டாவது வகையில் மாணவரைப் போகாதே என்று தடுப்பது பொதுவாக அதன் வேலையில்லை. ஆனால் திரும்பி வந்தால் வளாகத்துக்குள் எப்போது நுழையலாம், ஹாஸ்டலில் எப்போது சேரலாம் என்ற நிபந்தனை போடும் உரிமை அதற்கு உண்டு. ஊழியர் என்றால் சொந்தப் பயணத்துக்கும் முன் அனுமதி தேவை.

பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்கள் அங்கே உங்களை ஏற்கும் பல்கலைக்கழகத்தின் விதியையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கை நிலையைப் பார்த்தே பயணத்தை அனுமதித்தன. அந்தத் துறை 2020 மார்ச் 19-இல் உலகம் முழுமைக்கும் நான்காம் நிலை, அதாவது 'பயணம் வேண்டாம்' என்ற எச்சரிக்கையைப் போட்டது. ஆகஸ்ட் 6 வரை அது விலகவில்லை. இங்கே அனுமதி கிடைத்து, அங்கே கதவு மூடியிருந்தால் பயனில்லை.

மூன்றாம் படி: அனுமதிக் கடிதம்

மாணவர் விண்ணப்பம் பெரும்பாலும் கைடு, துறைத் தலைவர், டீன், சர்வதேச விவகாரப் பிரிவு அல்லது ரெஜிஸ்ட்ரார் என்ற வரிசையில் போகும். ஹாஸ்டலில் இருந்தால் வார்டனுக்கு ஒரு நகல். ஒரே பக்கத்தில் முடியுங்கள். போகும் நாடு, ஊர், தங்கும் முகவரி, கிளம்பும் நாள், திரும்பும் நாள், செலவு யாருடையது, அங்கே யாரைத் தொடர்பு கொள்ளலாம், இங்கே வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்பவை இருந்தால் போதும். அதோடு ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: 'விமானம் நிறுத்தப்பட்டுத் திரும்ப முடியாமல் போனால் என் வருகைப் பதிவு, உதவித்தொகை, தேர்வு ஆகியவை எப்படிக் கையாளப்படும் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.' இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் வந்த பதில், பின்னால் உங்களுக்கு எத்தனையோ அலைச்சலை மிச்சப்படுத்தும். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவில் இருக்கும்.

யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை வாங்குபவர்களுக்குப் பொது விடுமுறைகள் போக ஆண்டுக்கு 30 நாள்தான் விடுப்பு. வெளிநாட்டில் தனிமைப்படுத்தல், திரும்பி வந்து இங்கே தனிமைப்படுத்தல் என்று இரண்டையும் கூட்டினால் ஒரு சின்னப் பயணமே அந்த விடுப்பை விழுங்கிவிடும். அங்கிருந்தே ஆய்வு வேலை செய்த நாள்களை விடுப்பில் சேர்க்காமல் இருக்க முடியுமா என்று கிளம்பும் முன்பே கைடிடம் பேசி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 2020 ஏப்ரலில் யூஜிசி எம்.ஃபில்., பிஎச்.டி. மாணவர்களுக்கு 6 மாத நீட்டிப்புத் தரச் சொன்னது, வாய்மொழித் தேர்வைக் காணொலியில் நடத்தலாம் என்றும் வழிகாட்டியது. ஆக, விதிகளில் தளர்வு வரத்தான் செய்கிறது. அதைக் கேட்டு வாங்க நம் கையில் காகிதம் வேண்டும்.

சில இடங்களில் 'என்ன நேர்ந்தாலும் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல' என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி கேட்பார்கள். இளங்கலை மாணவர்களிடம் பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொற்று அபாயத்தை நானே ஏற்கிறேன் என்பது நியாயமான வரி. திரும்ப முடியாவிட்டால் சேர்க்கையை ரத்து செய்யச் சம்மதிக்கிறேன் என்பது அப்படியல்ல. அந்த மாதிரி வரி இருந்தால் துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்லி நீக்கக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் அந்தப் பத்திரத்தைத் தமிழில் விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு வேலை கூடுதல். வெளிநாடு செல்வதற்கான விடுப்பு அனுமதியும் அலுவல் பயணமென்றால் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் வேண்டும். அழைத்தவர்களே தங்குமிடமும் டிக்கெட்டும் தருகிறார்கள் என்றால், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி உள்துறை அமைச்சகத்திடம் எஃப்சி-2 படிவத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்துக்கு மிகவும் தேவையான ஒரு விலக்கு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பயணத்தின்போது திடீரென்று நோய்வாய்ப்பட்டு, வெளிநாட்டவர் செலவில் அவசர சிகிச்சை பெற்றால் அதற்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பேராசிரியர்கள் பலருக்கும் தெரியாத விஷயம் இது. மூன்று கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் கருத்தரங்கே முடிந்துவிடும், சேர்த்தே தொடங்குங்கள்.

நான்காம் படி: பெயர்

இதை நிதானமாகப் படியுங்கள். நம் ஆட்களுக்கு அதிகம் இடிக்கும் இடம் இது.

வடநாட்டு நண்பருக்குப் பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டும் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு அப்படியில்லை. சுப்பிரமணியன் மகன் கார்த்திக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் கார்த்திக் எஸ். ஆதாரில் எஸ். கார்த்திக். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் சுப்பிரமணியன், அல்லது அந்த இடமே காலி. பல்கலைக்கழக அடையாள அட்டையில் கார்த்திக் சுப்பிரமணியன். கோவினில் ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டவருக்குச் சான்றிதழில் வந்தது ஆதார்ப் பெயர். பரிசோதனைக் கூடத்து ஆள் அவசரத்தில் அடித்தது வெறும் கார்த்திக். செக்-இன் கவுன்டரில் இருப்பவர் இவையெல்லாம் ஒரே ஆள் என்று ஊகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊகிக்கவும் மாட்டார்.

அதனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், பரிசோதனை அறிக்கை, காப்பீடு, அழைப்புக் கடிதம், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. இனிஷியலை விரித்தால் எல்லா இடத்திலும் விரியுங்கள். கோவினில் 2021-இல் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதியும் பெயரைத் திருத்தும் வசதியும் கொடுத்தார்கள். அடுத்த முறை எந்தத் தளம் வந்தாலும் தடுப்பூசி போடும் அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்தால் இந்தத் தொல்லையே வராது. பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது கணினியில் அடிக்கும் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு நகருங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருபவர்களை அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் விடுகிறார்கள். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டையே புதுப்பித்து இரண்டு இடத்தையும் நிரப்பிவிடுவது நல்லது என்பது என் கருத்து. இதற்காக ஊருக்குப் போக வேண்டாம். ஹாஸ்டல் முகவரிக்குப் பல்கலைக்கழகத்தின் போனஃபைட் சான்றிதழ் வைத்து இங்கேயே, ஐடிஓ பக்கம் ஹெரால்டு ஹவுஸிலோ பிகாஜி காமா பிளேஸிலோ விண்ணப்பிக்கலாம். போலீஸ் சரிபார்ப்பு ஊர் முகவரிக்கும் போகக்கூடும், வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: தடுப்பூசி, பரிசோதனை

எந்தத் தடுப்பூசி போட்டீர்கள் என்பது எந்த நாட்டுக்குப் போக முடியும் என்பதையே தீர்மானித்தது. கோவிஷீல்டை உலக சுகாதார நிறுவனம் 2021 பிப்ரவரியில் அங்கீகரித்தது. கோவேக்சினுக்கு அந்த அங்கீகாரம் நவம்பர் 3-இல்தான் வந்தது. நடுவில் சேர்க்கை கிடைத்த மாணவர்கள் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல. கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் பிரிட்டனோடு சான்றிதழ்ச் சிக்கல் இருந்து 2021 அக்டோபர் 11-இல்தான் தீர்ந்தது. இரண்டு டோஸுக்கு நடுவே 84 நாள் இடைவெளி என்பதால் வகுப்பு தொடங்கும் முன் முடிக்க முடியாமல் தவித்தவர்களுக்காக, படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர்கள் 28 நாளிலேயே இரண்டாவது டோஸ் போடலாம் என்று 2021 ஜூனில் விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கைப் பெற சேர்க்கைக் கடிதமும் பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டியிருந்தது. இந்த மாதிரி விலக்கு அறிவிக்கப்பட்டால், பல்கலைக்கழகத்திடம் உடனே ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள். உங்களுக்குச் சலுகை உண்டு என்று நிரூபிக்கும் காகிதம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

ஆர்டி-பிசிஆர் அறிக்கைக்கு 72 மணி நேரம் என்பது பொதுவான வரம்பு. ஆனால் எதிலிருந்து 72 மணி என்று பாருங்கள். மாதிரி எடுத்த நேரமா அறிக்கை வந்த நேரமா, முதல் விமானமா கடைசி விமானமா? நாட்டுக்கு நாடு மாறும். 2021 மே 22 முதல் இந்தியாவிலிருந்து கிளம்புபவர்களின் அறிக்கையில் க்யூஆர் குறியீடு கட்டாயமானது. துபாய் வழியில் அது போக, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே இன்னொரு பரிசோதனையும் கேட்டார்கள். அதற்கும் பணம், அதற்கும் நேரம்.

களப்பணிக்கு ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அதற்கான ஊசி எப்போதுமே உண்டு. தில்லியில் மந்திர் மார்கில் புது தில்லி நகராட்சி மன்றத்தின் சர்வதேசத் தடுப்பூசி மையம் இருக்கிறது. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அப்புறம் ஆயுள் முழுக்க செல்லும். நோய் உள்ள நாட்டிலிருந்து அது இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். இதில் இந்தியா கண்டிப்பான நாடு.

ஆறாம் படி: காப்பீடு, பணம், வழி

பயணக் காப்பீட்டில் பெருந்தொற்றும், அரசு எச்சரிக்கையை மீறிய பயணமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தொகையையும் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ, பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்களுக்கான அமெரிக்க ஜே-1 விசாவுக்கு ஒரு நோய்க்கு 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். பல்கலைக்கழகத்தின் குழுக் காப்பீடு வெளிநாட்டில் செல்லாது என்பதே பொதுவான நிலை, அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தனிமைப்படுத்தல் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். 2021 ஏப்ரல் 23-இல் பிரிட்டன் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் போட்டபோது, போய் இறங்குபவர் 10 நாள் அரசு குறித்த ஹோட்டலில் இருக்க வேண்டும், அதற்கு 1,750 பவுண்டு. கல்விக்கடனில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அது தாங்கக்கூடிய தொகையா? ஆனால் சில பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்கு அந்தச் செலவில் உதவின. கேட்டவர்களுக்குத்தான் தெரிந்தது.

நடுவில் விமானம் மாறாத வழி விலை கூடினாலும் எடுங்கள். 2021 ஏப்ரலில் கனடா இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை நிறுத்தி, மூன்றாம் நாட்டில் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னது. அதே வாரத்தில் அமீரகமும் இந்தியப் பயணிகளுக்குக் கதவை மூடியது. மாணவர்கள் எங்கெங்கோ நாடுகளில் தங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு நாடும் கூடுதல் ஒரு விதி, கூடுதல் ஒரு அபாயம்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு

உங்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஊருக்குப் போவது சுலபம், இந்தியாவுக்குத் திரும்புவது கடினம். 2020 மார்ச் 13-இல் நிறுத்திவைத்த விசாக்களில் மாணவர் விசாவும் உண்டு. அக்டோபர் 22-இல்தான் அது மறுபடி உயிர்பெற்றது. ஓசிஐ அட்டைக்காரர்களின் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரின்) விசா இல்லாப் பயணமும் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் ஹாஸ்டல் அறையில் புத்தகமும் மடிக்கணினியும் பூட்டிக் கிடக்க, வீட்டிலிருந்து தேர்வு எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கிளம்புவதாக இருந்தால் மடிக்கணினி, சான்றிதழ், ஆய்வுக் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

போகாமல் இங்கேயே இருந்தால் விசா முடியும் தேதியைக் கவனியுங்கள். 2020-இல் ஊருக்குப் போக முடியாமல் இங்கே தங்கிப்போன வெளிநாட்டவர்களுக்கு அரசு விசாவைக் கட்டணமின்றி நீட்டித்தது. அடுத்த முறையும் அப்படி அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்க வேண்டுமா, தானாக நீளுமா என்று பார்த்து, வேண்டுமானால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் உடனே விண்ணப்பியுங்கள். நேரில் கூப்பிட்டால் அலுவலகம் ஆர்.கே.புரம் செக்டார் 1, ஈஸ்ட் பிளாக் 8-இல் இருக்கிறது. மலை மந்திரும் தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கும் அதே ஆர்.கே.புரம்தான். தில்லிப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் பதிவகம் என்று தனி அலுவலகமே உண்டு. மற்ற இடங்களில் வெளிநாட்டு மாணவர் ஆலோசகர் இருப்பார். அவரிடம் உங்கள் போன் எண்ணையும் தற்போதைய முகவரியையும் புதுப்பித்து வையுங்கள்.

ஏழாம் படி: அங்கே போன பிறகு

இறங்கிய வாரத்திலேயே இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்திலும் மாணவர்கள் பதிவு செய்யலாம் (பெயர் 'மதத்', உதவி கேட்டுப் புகார் பதிவு செய்யும் தளம்). அழைத்துவரும் விமானம் ஏற்பாடாகும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் தூதரகத்தின் பதிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020 ஜனவரி 31-லும் பிப்ரவரி 1-லும் வூஹானிலிருந்து ஏர் இந்தியா இரண்டு விமானங்களில் 647 இந்தியர்களைத் தில்லிக்குக் கொண்டுவந்தது. பெரும்பாலோர் மாணவர்கள். தூதரகத்துக்கு அவர்கள் இருக்குமிடம் தெரிந்திருந்தது. திரும்பியவர்களை மானேசரில் ராணுவ முகாமிலும் சாவ்லாவில் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் முகாமிலும் தங்கவைத்தார்கள்.

மாட்டிக்கொண்டால் அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். ரத்தான டிக்கெட், விமான நிறுவனத்தின் செய்தி, அரசு உத்தரவு மூன்றையும் இணையுங்கள். விடுப்பு முடிவதற்கு முன் வந்த கடிதத்தை நிர்வாகம் ஒரு மாதிரி பார்க்கும், முடிந்த பிறகு வந்ததை வேறு மாதிரி பார்க்கும். ரத்தான டிக்கெட்டின் பணத்தை விடாதீர்கள். 2020 ஊரடங்கில் ரத்தானவற்றுக்குப் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் உத்தரவிட்டது. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் பணம் அவர் வழியாகவே வரும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எட்டாம் படி: திரும்பி வருதல்

விமானம் ஏறும் முன் அரசின் சுயவிவரப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும். கொரோனா காலத்தில் அது ஏர் சுவிதா தளம். 2022 ஜனவரி 11 முதல் சுமார் ஒரு மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த எல்லோருக்கும் 7 நாள் வீட்டுத் தனிமையும் எட்டாம் நாள் பரிசோதனையும் இருந்தன. வீட்டுத் தனிமை என்றால் யார் வீட்டில்? பொதுக் குளியலறை உள்ள ஹாஸ்டலில் அது நடக்காது, வார்டன் உள்ளே விடமாட்டார். விடாதது சரியும்கூட, அதே மாடியில் இன்னும் முப்பது நாற்பது பேர் இருக்கிறார்கள். எனவே கிளம்பும்போதே கேளுங்கள்: வளாகத்தில் தனிமைப்படுத்தல் அறை உண்டா, வாடகை எவ்வளவு, சாப்பாடு யார் கொண்டு வருவார்? இல்லையென்றால் கரோல் பாக், முனிர்க்கா, மயூர் விஹார் பக்கம் தனி அறையும் தனிக் குளியலறையும் உள்ள ஒரு இடத்தைத் தேதி மாற்றும் வசதியோடு பேசி வையுங்கள். வயதான மாமா அத்தை இருக்கும் வீட்டில் போய்த் தங்க வேண்டாம். அவர்கள் அன்பாகக் கூப்பிடுவார்கள், நீங்கள்தான் மறுக்க வேண்டும்.

இறங்கியதும் பரிசோதனை செய்யச் சொன்னால் முடிவு வரச் சில மணி நேரம் ஆகும். சென்னை விமானமோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ அன்றைக்கே எடுத்து வைக்காதீர்கள். தனிமை நாள்கள் முடிந்ததும் சுகாதார மையத்தில் காட்டிச் சான்று வாங்கி, துறையில் வருகைக் கடிதம் கொடுங்கள். ஊழியர்கள் பணியில் சேர்ந்த அறிக்கையோடு தனிமைப்படுத்தல் உத்தரவின் நகலையும் இணைத்து, அந்த நாள்கள் எந்தக் கணக்கில் போகும் என்று கேளுங்கள். அலுவல் பயணம் போனவர்கள் போர்டிங் பாஸ், பரிசோதனை ரசீது, ஹோட்டல் பில் ஆகியவற்றின் அசலைத் தொலைக்காமல் வையுங்கள். கணக்குப் பிரிவில் அசல் இல்லாமல் ஒரு ரூபாயும் பெயராது.